சேவூர்க் கடலையிலிருந்து தாய்ப்பால் வரை

அவிநாசியை அடுத்த சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வாரந்தோறும் நிலக்கடலை ஏலம் நடக்கிறது. சுற்றுவட்டாரத்து விவசாயிகள் காய்ந்த காயை மூட்டை கட்டிக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். வியாபாரி ஒரு கை காயை அள்ளி உடைத்து, பருப்பை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு விலை சொல்கிறார். நகத்தில் ஒட்டுகிற அந்த எண்ணெய்ப் பிசுக்கு எங்கெல்லாம் போகிறது என்று பின்தொடர்ந்தால் செக்கு, அடுப்படி, ஒரு கர்ப்பிணியின் ரத்தம், நஞ்சுக்கொடி, கடைசியில் ஒரு கைக்குழந்தையின் வாய் என்று மாதக்கணக்கில் நீளும் பயணம் அது. நடுவில் ஓரிடத்தில், ரத்தப் பரிசோதனைத் தாளில், அது வீட்டையே பயமுறுத்திவிடுகிறது. அந்தப் பயம் பெரும்பாலும் தேவையற்றது. கவலைப்பட வேண்டிய இடம் வேறொன்று உண்டு. அது பிரசவத்துக்குப் பிறகு வருகிறது. அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

கடலை எண்ணெயில் ஏறக்குறைய பாதி ஒலியிக் அமிலம். 18 கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி அது. இப்படி மூன்று சங்கிலிகள் ஒரு கிளிசரால் துண்டில் மாட்டிக்கொண்டால் அதற்கு டிரைகிளிசரைடு என்று பெயர். தாளிக்க ஊற்றும் எண்ணெய், இடுப்பில் சேரும் சதை, பரிசோதனைத் தாளில் தடித்த எழுத்தில் வரும் எண் எல்லாம் இந்த ஒரே பொருள்தான். இதில் ஒரு சங்கிலியை மட்டும் கண்வைத்துக்கொள்வோம்.

அது வந்து சேரும் இடம் திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீடு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டுப் பெண் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். டியூப் லைட் வெளிச்சத்தில், வெளிநாட்டுக்குப் போகும் குழந்தை உடுப்பு ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பி, ஓவர்லாக் தையல் விட்டிருக்கிறதா, மெஷின் எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து, பிசிறு நூலை டிரிம்மரால் வெட்டி அடுக்க வேண்டும். காலை 8.30க்கு நின்றால் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு 8.30. ஆர்டர் நெருக்கும்போது அதற்கும் மேலே போகும். வீட்டில் கடலை எண்ணெய் இருப்பது மாதத்தின் முதல் பாதியில். பிறகு அந்த இடத்தை ரேஷன் பாமாயில் பிடித்துக்கொள்ளும். காங்கேயம் பக்கம் நெடுகத் தேங்காய்க் களங்கள் இருக்கின்றன, ரேஷனில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் வருடக்கணக்காகக் கேட்கிறார்கள். ஆனாலும் மாவட்டத்தின் ஏழை அடுப்புகளில் கொதிப்பது பாமாயில்தான். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்கள் தங்கியிருக்கும் அறைகளில் கடுகு எண்ணெய் மணக்கும். எந்த எண்ணெயானாலும் உள்ளே இறங்கிய பிறகு போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்.

சிறுகுடலில் பித்தநீர் எண்ணெயைப் பொடித்துளிகளாக உடைக்கிறது. கணையத்து நொதி சங்கிலிகளைக் கழற்றிவிடுகிறது. குடல் சுவரின் செல்கள் அவற்றை உள்ளே இழுத்து, மறுபடி மூன்று மூன்றாக மாட்டி, மேலே புரத உறை போர்த்தி அனுப்புகின்றன. கொழுப்பு தண்ணீரில் கரையாது, ரத்தமோ பெரும்பகுதி தண்ணீர். ஆகவே கொழுப்பு உடம்புக்குள் எங்கே போனாலும் பெட்டி கட்டித்தான் போக வேண்டும், இந்த ஊர்ச் சரக்கு தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற மாதிரி. குடலிலிருந்து கிளம்பும் முதல் பெட்டிக்குக் கைலோமைக்ரான் என்று பெயர். சர்க்கரையைப் போல அது நேரே கல்லீரலுக்குப் போவதில்லை. நிணநீர்க் குழாய் வழியே நெஞ்சுக்கு ஏறி, இடது காரை எலும்புக்குப் பின்னால் ஒரு பெரிய சிரையில் கலக்கிறது. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தைச் சுழலவிட்டு வைத்தால், மேலே தெளிந்து நிற்க வேண்டிய சீரம் வெளுத்துக் கலங்கியிருக்கும். அந்த வெண்மை கைலோமைக்ரானால் வருவது.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் இந்தப் பயணம் சற்று மந்தம். மசக்கையில் ஒன்றும் தங்காது. தாளிப்பு வாசனையே ஆகாது. ஆறாவது, எட்டாவது வாரங்களில் ரத்தத்தில் கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் முன்னைவிடச் சற்று இறங்கியே இருக்கும். மூன்றாம் மாதம் தாண்டியதும் பசி திரும்புகிறது. அந்த மாதங்களில் தாயின் உடம்பு சேர்த்துவைக்கும் உடம்பு. கொழுப்புத் திசுவின் நுண்குழாய்ச் சுவரில் லைப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதி நிற்கிறது. வரும் பெட்டிகளை உடைத்துச் சங்கிலிகளை உள்ளே விடுவது அதன் வேலை. இன்சுலின் அதற்குத் துணை நிற்கிறது. இடுப்பு, தொடை, முதுகு என்று சரக்கு இறங்குகிறது. நன்றாகச் சாப்பிடும் ஒரு பெண் கர்ப்பகாலத்தில் 3 முதல் 3.5 கிலோ வரை கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறார். அது ஏறக்குறைய 30,000 கலோரி. நாம் கண்வைத்திருக்கும் சங்கிலியும் ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் பொரியலோடு உள்ளே போய் இடுப்பில் தங்கிவிட்டது.

கர்ப்பிணிக்கு நெய்யும் வெண்ணெயும் கொடுப்பது இந்த மண்ணில் பழைய பழக்கம். ஊத்துக்குளி வெண்ணெய் இதே மாவட்டத்தின் பெயர்பெற்ற சரக்கு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலும் பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச்சத்து மருந்தோடு ஆவின் நெய் வைத்துக் கொடுத்தார்கள். எடை ஏறாத, ஒல்லியான பெண்ணுக்கு அது தகும். ஏற்கெனவே எடை கூடிய பெண்ணுக்கு அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நிறைமாதத்தில் வெண்ணெய் தின்றால் பிள்ளை வழுக்கிக்கொண்டு வரும் என்று சொல்வதில் உண்மை இல்லை. தின்ற வெண்ணெய் குடலுக்குப் போகிறது. கருப்பை வாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கம்பெனி வாசலில் பதினொரு மணிக்கும் மாலையிலும் டீயோடு உள்ளே போவது பப்ஸ், வர்க்கி, தேங்காய் பன். அவற்றில் பலவும் வனஸ்பதியால் ஆனவை. வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு நஞ்சுக்கொடியைத் தாண்டும், தாய்ப்பாலிலும் வரும். எண்ணெய், கொழுப்புப் பண்டங்களில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் கட்டுப்பாடு வைத்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி டீயோடு ஒரு கடலை உருண்டை வாங்கிக்கொள்வது எவ்வளவோ மேல்.

வளைகாப்பு போடும் ஏழாம் மாதவாக்கில் உடம்பு அப்படியே திரும்பிவிடுகிறது. சேர்த்ததை எடுத்துச் செலவழிக்கும் காலம் இது. நஞ்சுக்கொடி சுரக்கும் லாக்டோஜன் என்ற ஹார்மோனும் அதோடு சேர்ந்த வேறு சிலவும் தாயின் செல்களை இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் செய்கின்றன. இன்சுலின் பிடி தளர்ந்ததும் கொழுப்புத் திசுவின் பூட்டு திறக்கிறது. சங்கிலிகள் வெளியேறிக் கல்லீரலுக்கு ஓடுகின்றன. கல்லீரலோ ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலில் அவற்றை மறுபடி டிரைகிளிசரைடாக்கி, விஎல்டிஎல் என்ற வேறு பெட்டியில் அடைத்து ரத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதே சமயம், பெட்டியை உடைத்து இறக்கிக்கொண்டிருந்த நொதி கொழுப்புத் திசுவில் அடங்கிவிடுகிறது. வரத்து கூடுகிறது, இறக்கம் குறைகிறது. ரத்தத்தில் கொழுப்பு ஏறாமல் என்ன செய்யும்?

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் குழந்தை. வயிற்றுக்குள் இருப்பதற்கு முதல் தேவை குளுக்கோஸ். தாய் கொழுப்பை எரித்துத் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டால் குளுக்கோஸ் பிள்ளைக்கு மிச்சமாகும். கர்ப்பிணி ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் மற்றவர்களைவிடச் சீக்கிரத்தில் அவர் உடம்பு பட்டினி நிலைக்குப் போய்க் கொழுப்பைக் கரைக்கத் தொடங்குவதைச் சிக்காகோவின் நார்பெர்ட் ஃப்ரெய்ங்கெல் ‘துரிதப்படுத்தப்பட்ட பட்டினி’ என்று விளக்கினார். கர்ப்பகாலக் கொழுப்பின் போக்குவரத்தை மாட்ரிட் நகரின் எமிலியோ ஹெரேரா பல பத்தாண்டுகள் ஆராய்ந்து துலக்கினார். திருப்பூருக்கு இதில் நேரடியான செய்தி ஒன்று உண்டு. இரவு 9 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, காலையில் வெறும் டீயோடு கம்பெனி வண்டி ஏறி, பதினொரு மணிக்குத்தான் வாயில் ஏதாவது போடுகிற கர்ப்பிணி அதற்குள் 14 மணி நேரப் பட்டினியில் இருக்கிறார். இரண்டு இட்லியாவது தின்றுவிட்டு வண்டி ஏறுங்கள்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். எட்டாம் மாதத்தில் யாரோ சொல்லி, அல்லது தனியார் ஆய்வகத்தின் சலுகைப் பேக்கேஜில் சேர்ந்து வந்து, ஒரு லிப்பிட் பரிசோதனை எடுக்கப்படுகிறது. தாள் வருகிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் 270. பக்கத்தில் 200க்குள் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. டிரைகிளிசரைடு 290, 150க்குள் இருக்க வேண்டுமாம். கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்டிஎல் 165. ஒவ்வொன்றின் அருகிலும் தடித்த எழுத்தில் ‘அதிகம்’ என்ற குறி. அன்றே வீட்டில் முட்டை நிற்கிறது, கடலைச் சட்னி நிற்கிறது, தாளிப்பே நிற்கிறது. பாட்டிக்கு மாரடைப்பு வந்த கதையை யாராவது எடுத்துவிடுவார்கள்.

அந்த 200உம் 150உம் கர்ப்பமில்லாதவர்களுக்கான வரம்புகள். ஆரோக்கியமான கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். அதன்படி கடைசி மூன்று மாதங்களில் மொத்தக் கொலஸ்ட்ரால் 219 முதல் 349 வரை, எல்டிஎல் 101 முதல் 224 வரை, டிரைகிளிசரைடு 131 முதல் 453 வரை இயல்பு. அதாவது அந்த மாதங்களில் மொத்தக் கொலஸ்ட்ரால் 200க்குள் இருக்கும் கர்ப்பிணிதான் அபூர்வம். டிரைகிளிசரைடு பழைய அளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஏறும், சிலருக்கு நான்கு மடங்குகூட. கொலஸ்ட்ரால் கால் பங்கிலிருந்து பாதி வரை கூடும். நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்டிஎல் நடு மாதங்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு சற்று இறங்கும். இது நோயில்லை. குழந்தைக்கான படி வழியில் வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆய்வகங்கள் கர்ப்பிணிகளின் தாளில் கர்ப்பகால வரம்பை அச்சிட்டாலே இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் வீண் பத்தியம் நின்றுவிடும். அச்சில் ஒரு வரி மாற்றுவது அவர்களுக்குப் பெரிய செலவில்லை.

எல்லா ஏற்றமும் இப்படி அப்பாவியானது என்று சொல்லவில்லை. டிரைகிளிசரைடு 1,000ஐத் தொட்டுவிட்டால் கணையம் புண்ணாகும் அபாயம் உண்டு. மேல் வயிற்றில் முதுகுவரை பாயும் வலி, நிற்காத வாந்தி வந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கர்ப்பகால நீரிழிவும், ரத்த அழுத்தம் ஏறும் முன்சூல்வலிப்பும் உள்ள பெண்களிடம் கொழுப்பு மற்றவர்களைவிட அதிகமாக ஏறியிருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பிறவியிலேயே கொலஸ்ட்ரால் கூடிய குடும்பங்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரையைப் பற்றிப் பேசிவிட வேண்டும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு 1999இல் லான்செட் இதழில் வந்தது. கர்ப்பத்தில் கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு, மகாதமனிச் சுவரில் கொழுப்புக் கீற்றுகள் மற்றப் பிள்ளைகளைவிட வேகமாக வளர்ந்திருந்தன. நீரிழிவைப் பொறுத்தமட்டில் நாம் முந்திக்கொண்டவர்கள். சென்னை மருத்துவர் வி. சேஷையா காட்டிய வழியில், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதைத் தமிழ்நாடு அரசு 2007இலேயே ஆணையாக்கியது. அவர் பிறந்த நாளான மார்ச் 10 தேசிய கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பெட்டி நஞ்சுக்கொடியின் வாசலுக்கு வந்துவிட்டது. அங்கே ஒரு கட்டாயம்: பெட்டியோடு உள்ளே போக முடியாது. டிரைகிளிசரைடு முழுசாக நஞ்சுக்கொடியைத் தாண்டுவதில்லை. தாயின் ரத்தம் படும் பக்கத்தில் நிற்கும் நொதிகள் அதை உடைத்துச் சங்கிலி சங்கிலியாகக் கழற்ற, அவற்றைக் கைமாற்றிக் குழந்தையின் ரத்தத்தில் சேர்ப்பதற்கென்றே தனிப் புரதங்கள் இருக்கின்றன. இந்தக் கைமாற்றில் பாரபட்சம் உண்டு. மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய டிஎச்ஏ என்ற நீண்ட சங்கிலி வந்தால் நஞ்சுக்கொடி அதை முதலில் எடுத்துக்கொள்கிறது. தாயின் ரத்தத்தில் இருக்கும் விகிதத்தைவிடக் குழந்தையின் ரத்தத்தில் அதன் விகிதம் அதிகம். கடலை எண்ணெயில் டிஎச்ஏ கிடையாது. மீனில் இருக்கிறது, விலை மலிந்த மத்தியில் நிறையவே இருக்கிறது. கடல் இல்லாத ஊர் என்றாலும் மத்தி வராத சந்தை இல்லை. வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு வைத்தால் அந்தப் பாக்கி தீர்ந்துவிடும்.

கொலஸ்ட்ராலுக்கு வேறு வேலை. தாயின் எல்டிஎல்லை நஞ்சுக்கொடி பிடித்து இழுத்து, அதிலிருக்கும் கொலஸ்ட்ராலைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றுகிறது. கருப்பை காலத்துக்கு முன் சுருங்கிவிடாமல் அடக்கிவைக்கும் ஹார்மோன் அது. நிறைமாதத்தில் நாளொன்றுக்குச் சுமார் 250 மில்லிகிராம் தயாராகிறது. கெட்ட கொழுப்பு என்று பெயர் வாங்கிய எல்டிஎல்தான் இந்த மாதங்களில் கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கிறது.

குழந்தை தன் உடம்புக் கொழுப்பில் பெரும்பங்கைக் கடைசிப் பத்து வாரங்களில்தான் சேர்க்கிறது. பிறக்கும்போது எடையில் ஏறக்குறைய 12 முதல் 15 சதவீதம் கொழுப்பு. இதில் இந்தியக் குழந்தைகளின் கதை தனி. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், அம்மாவட்டத்துக் கிராமக் குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார். அங்கே சராசரி 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. தசையும் உள்ளுறுப்புகளும் நம் பிள்ளைகளுக்கு வெகுவாகக் குறைவு. ஆனால் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த, ஆனால் கொழுப்புள்ள குழந்தை என்று அவர் சொன்னது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிற்காலத்து நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வேர் இங்கே இருக்கலாம் என்பது அவர் வாதம். கர்ப்பிணிக்கு எண்ணெயை மட்டும் ஊற்றி, பருப்பும் கீரையும் முட்டையும் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

நாம் தொடர்ந்த சங்கிலியோடு சேமிப்பில் கிடந்தவற்றில் பல இப்படிக் குழந்தைக்குப் போய்விட்டன. நம்முடையது இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது. அதன் முறை பிரசவத்தோடு வருகிறது.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அதன் ஹார்மோன்களும் போய்விடுகின்றன. புரோலாக்டின் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. முன்பு கொழுப்புத் திசுவில் பெட்டி உடைத்த அதே நொதி அங்கே அடங்கியே கிடக்க, மார்பகத்தில் வேலையைத் தொடங்குகிறது. ரத்தத்தில் மிதந்துகொண்டிருந்த டிரைகிளிசரைடு எல்லாம் அங்கே இழுக்கப்படுகிறது. சில நாட்களிலேயே தாளில் அந்த எண் சரியத் தொடங்கி, பெரும்பாலோருக்கு ஆறு வாரத்தில் பழைய அளவை நெருங்கிவிடும். பாலூட்டும் தாய்க்கு இன்னும் வேகமாக. முதல் நாட்களின் சீம்பாலில் கொழுப்பு குறைவு. பால் முதிர்ந்த பிறகு 100 மில்லியில் நாலு கிராமை ஒட்டி இருக்கும். குழந்தைக்குப் பாலில் கிடைக்கும் சக்தியில் பாதி இந்தக் கொழுப்பிலிருந்து வருகிறது. ஒரு நாளைக்கு 750 மில்லி சுரந்தால் 30 கிராம். ஆறு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 5 கிலோவுக்கு மேல். இந்தக் கொழுப்பில் பாதிக்கும் மேல் அன்றாடம் தின்ற உணவிலிருந்து நேரே வருவதில்லை, சேமிப்பிலிருந்து வருகிறது. ஐந்தாம் மாதத்துப் பொரியலில் போன அந்தச் சங்கிலி இப்போது வெளியே வந்து, பாலின் ஒரு துளிக்குள் ஏறி, குழந்தையின் வாய்க்குப் போகிறது. கொலஸ்ட்ராலும் கூடவே போகிறது. பிறக்கும்போது தொப்புள்கொடி ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 70ஐ ஒட்டித்தான் இருக்கும். பால் குடிக்கக் குடிக்க ஏறும். வளரும் மூளைக்கு அது வேண்டும்.

பேறுகால வீட்டில் இந்த நாட்களில் செலவு ரசம் கொதிக்கும், பூண்டு வதங்கும், நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய லேகியம் காலையும் மாலையும் உருண்டையாக வரும். பாலுக்கு நல்லது என்று பெரியவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்வது. இந்தச் சாப்பாட்டோடு குழந்தை கேட்கும்போதெல்லாம் பால் கொடுக்க முடிந்தால், உள்ளே போன எண்ணெய் வந்த வழியே செலவாகிவிடும். பால் கொடுப்பது நின்றுபோய்ச் சாப்பாடு மட்டும் தொடர்ந்தால், நொதி மறுபடி கொழுப்புத் திசுவுக்குத் திரும்பிவிடும். சரக்கு இடுப்பிலும் வயிற்றிலும் நிரந்தரமாகத் தங்கும்.

பனியன் கம்பெனிப் பெண்ணுக்கு நடப்பது பல நேரம் அதுதான். இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ, சனிக்கிழமைச் சம்பளம் இல்லாமல் வீட்டு வாடகை இடிக்கிறது. குழந்தையை அம்மாவிடம் ஊரில் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார். மதியத்துக்குள் மார்பு கட்டிக்கொள்ளும். ரவிக்கை நனையாமல் இருக்க வேஸ்ட் பனியன் துணியை மடித்து உள்ளே வைத்துக்கொள்வார். வலி தாங்காமல் பாத்ரூமில் நின்று பீய்ச்சிவிட்டு வந்து, மறுபடி யாருடைய குழந்தைக்கோ போகும் உடுப்பில் பிசிறு வெட்டுவார். ஒரு வாரம், பத்து நாளில் பால் வற்றிவிடும். ஒன்பது மாதம் பாடுபட்டு அந்த உடம்பு சேர்த்துவைத்த பால் அது. சாக்கடையில் போகிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் சொல்கிறது. குழந்தைக்கு 15 மாதமாகும் வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தனியாக உண்டு. 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவை அப்படியே இருக்கின்றன. தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயில் முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் பணம் கட்டியிருந்தால் விடுப்புக்காலச் சம்பளம் கிடைக்கும். சிக்கல் அந்த 70 நாளில் இருக்கிறது. பீஸ் ரேட்டில், கான்ட்ராக்டர் கையில், இந்த வாரம் ஒரு கம்பெனி அடுத்த வாரம் இன்னொரு கம்பெனி என்று போகிற பெண்ணுக்கு எந்தப் பதிவேட்டிலும் 70 நாள் சேராது. எல்லாக் கம்பெனியிலும் சேர்த்து வருடம் முழுக்க அவர் வேலை பார்த்திருப்பார். கான்ட்ராக்டர் மாறினாலும் தொழிலாளியின் ஒரே எண்ணில் நாட்கள் சேர்ந்துகொண்டே போகும்படி கணக்கு எழுதப்பட வேண்டும். ஏற்றுமதிக்காரர்கள் வெளிநாட்டு வாங்குபவரின் ஆய்வுக்காக வாசலோரம் ஒரு அறையில் தொட்டில் கட்டி வைத்தால் போதாது. அந்தத் தொட்டிலில் குழந்தை இருக்க வேண்டும்.

இதை இரக்கத்தின் பெயரில் மட்டும் கேட்கவில்லை. தாயின் ரத்தக் குழாயும் இதில் மாட்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1985-86இல் 18 முதல் 30 வயதுக்குட்பட்ட 5,115 பேரை எடுத்துக்கொண்டு கார்டியா என்ற நெடுங்கால ஆய்வு தொடங்கியது. முதல் பிரசவத்துக்குப் பிறகு பெண்களின் நல்ல கொழுப்பு முன்பு இருந்த அளவுக்கும் கீழே இறங்கி, பல வருடம் அப்படியே நின்றுவிடுவது அதில் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு மேல் பாலூட்டியவர்களிடம் அந்த இறக்கம் குறைவு. கெட்ட கொழுப்போ டிரைகிளிசரைடைப் போலச் சீக்கிரம் இறங்குவதில்லை; மாதக்கணக்கில் உயர்ந்தே நிற்கும். இங்கே நாம் தொடங்கும் இடமே தாழ்வு. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் நான்கிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வின் முடிவு 2014இல் வந்தபோது, நூற்றுக்கு 72 பேருக்கு நல்ல கொழுப்பு போதாமலும் ஏறக்குறைய 30 பேருக்கு டிரைகிளிசரைடு கூடியும் இருந்தன. வேலம்பாளையத்துப் பெண்ணும், அதே மேஜையில் எதிரே நின்று செக்கிங் பார்க்கும் ஜார்க்கண்ட் பெண்ணும் அந்தக் கணக்குக்குள் வருகிறார்கள்.

பிரசவத்துக்குப் பிறகு தாயின் கொழுப்பை யாரும் பரிசோதிப்பதில்லை. குழந்தைக்கு ஊசி அட்டை இருக்கிறது, தேதி இருக்கிறது, நர்ஸம்மா கூப்பிட்டு நினைவுபடுத்துகிறார். தாயின் கோப்பு தையல் பிரித்ததோடு மூடப்படுகிறது. கர்ப்பத்தில் எடுத்த லிப்பிட் தாள் இருந்தால் பத்திரமாக வையுங்கள். குழந்தைக்கு 9 மாதம் முடிந்து தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் சமயத்தில், ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றோடு அரசு மருத்துவமனைக்குப் போய்த் தாய்க்கும் லிப்பிட்டும் சர்க்கரையும் பாருங்கள். கர்ப்பத்தில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தவர்கள் அதுவரை காத்திருக்காமல் ஆறாவது வாரத்திலேயே சர்க்கரையையும் அழுத்தத்தையும் பார்த்துவிட வேண்டும். அந்த ஒன்பதாம் மாதத்துத் தாளில் தடித்த எழுத்து வந்தால், அப்போது மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.